பாக்கியராஜ் திருப்பி அனுப்பிய லோடு

அத்தியாயம் 9

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டைல்ஸ் லோடு வாசலில் வந்து நின்றதும் பவுலினா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்பாடா, மாதாவே!" என்று வாய்விட்டே சொன்னாள்.

சொல்லாமல் என்ன செய்வாள்? கர்நாடக எல்லையோரம் ஜூஜுவாடியில் இருக்கும் அந்தச் சின்ன வீடு இரண்டு நாளாக வீடாகவே இல்லை. ஹாலிலும் படுக்கையறையிலும் பழைய சிமெண்ட் தரையைக் கொத்திப் போட்டிருந்தார் டைல்ஸ் மேஸ்திரி சாந்த் பாஷா. கட்டிலும் பீரோவும் வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. துவைத்து மடித்த துணியில் தூசி, வடித்த சோற்றில் தூசி, நாக்கை நீட்டினால் நாக்கிலும் தூசி. திருஇருதய ஆண்டவர் படத்தைக்கூடப் போர்வையில் சுற்றிச் சமையலறைப் பரணில் ஏற்றி வைத்திருந்தாள்.

இத்தனையும் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மகள் ப்ரீதாவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். அதற்கு.

பதினான்கு மாதங்களுக்கு முன்னால் ப்ரீதா கிருஷ்ணகிரிக்காரன் வெஸ்லினைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனாள். பையனும் கிறிஸ்தவன்தான். ஆனால் அவர்கள் வேறு சபை. அதைவிட, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் அப்பா பாக்கியராஜுக்குப் பொறுக்கவில்லை. அன்று மூடிய வாயை அவர் மகளிடம் இன்றுவரை திறக்கவில்லை. போனில் அவள் குரல் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். பவுலினா மட்டும் கொல்லைப்புறத்தில் நின்று கிசுகிசுவென்று பேசிவிட்டு வருவாள்.

போன மாதம் ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள். "அவளுக்கு ஏழாவது மாசம் பொறக்கப்போவுதுங்க. மொதல் பிரசவம் தாய் வூட்லதானே பாக்கணும்? ஊரு என்ன பேசும்?"

பாக்கியராஜ் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார். "இந்தத் தரை பொரிஞ்சு போச்சு. டைல்ஸ் போட்றலாம்" என்றார். அவ்வளவுதான்.

இருபத்தேழு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சரி என்று சொல்லத் தெரியாத மனுஷன் சரி என்று சொல்லியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். உடனே கிருஷ்ணகிரிக்குப் போன் போட்டுத் தேதியும் குறித்துவிட்டாள்.

சம்பந்தியம்மா எஸ்லின் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "எங்களுக்கு இந்த மாதிரி சாங்கியத்துல எல்லாம் நம்பிக்கை கெடயாதுங்க. கர்த்தர் காப்பாத்துவாரு. ஆனா மாசமா இருக்கற புள்ள இருக்கற வூட்ல கட்டட வேல நடக்கக் கூடாதும்பாங்க. தரையக் கொத்தக் கூடாது, செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. எதுக்கு வம்பு? வேல சுத்தமா முடிஞ்ச பின்னாடி கூட்டிட்டுப் போங்க. முடியலன்னா பிரசவம் எங்க வூட்லயே ஆவட்டும்."

நம்பிக்கை இல்லாதவள் சொல்கிற பேச்சா இது? பவுலினாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவளுக்கும் அந்தப் பயம் உண்டு. அவளுடைய சின்னம்மா வீட்டில் இப்படித்தான், மருமகள் வயிற்றோடு இருக்கும்போது மாடிப்படி இடித்துக் கட்டினார்கள். பிள்ளை தங்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார். டாக்டருக்கு என்ன தெரியும் என்று வீட்டுப் பெண்கள் சொன்னார்கள்.

ஆக, கணக்கு இதுதான். வியாழனும் வெள்ளியும் டைல்ஸ் ஒட்ட வேண்டும். சனிக்கிழமை காய வேண்டும். சனிக்கிழமை விடிந்தால் சாந்த் பாஷா காவேரிப்பட்டினத்தில் ஒரு கல்யாண மண்டப வேலைக்குப் போய்விடுவார். திரும்பி வர இருபது நாள் ஆகும். ஒரு நாள் தவறினாலும் ப்ரீதா இந்த வீட்டுப் படி ஏற மாட்டாள்.

இப்போது புரிகிறதா, லோடைப் பார்த்ததும் அவள் ஏன் மாதாவைக் கூப்பிட்டாள் என்று?

---

மொத்தம் இருபது பெட்டி. நான்கு பெட்டி இறங்கியதும் சாந்த் பாஷா ஒன்றைப் பிரித்து ஒரு டைலை உருவிச் சுவரில் சாய்த்து வைத்தார். காலை வெயில் அதில் பட்டுத் தெறித்தது. தந்த நிறம். பளபளவென்று இருந்தது.

"ஐயோ, என்னா அழகு பாய்! மொகம் தெரியுது பாருங்க!" பவுலினா குனிந்து அதில் தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைக்கூட ஒதுக்கிக்கொண்டாள்.

பாக்கியராஜ் வந்தார். மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் தர ஆய்வாளராக இருந்துவிட்டு மார்ச் மாதம் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான். வெர்னியர் காலிபர் இன்னும் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. முருங்கைக்காய் வாங்கினாலும் தடிமன் பார்க்கிற ஆள். தோசையில் ஒரு பக்கம் கனமாக இருந்தால் அதைத் தட்டின் ஓரத்தில் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த தோசைக்குக் காத்திருப்பார்.

டைலின் நான்கு மூலையையும் வெர்னியரில் அளந்தார். அதில் குறை இல்லை போலிருக்கிறது. விரலால் மேற்பரப்பைத் தடவினார். அப்போது அவர் முகம் மாறியது. டைலை எடுத்து வாசலில் கிடத்தினார். ஒரு சொம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை வைத்தார். கால் சரக்கென்று முன்னால் போயிற்று. தார்ப்பாய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் சொன்னது இது இல்ல. சொரசொரப்பா இருக்கறது கேட்டேன். எறக்கறத நிறுத்துப்பா."

"அதே டிசைன்தான் சார், அதே ஷேடு" என்றார் டிரைவர்.

"டிசைன் அதுதான். பினிஷிங் வேற. ஏத்து."

பவுலினா குறுக்கே வந்து நின்றாள். "என்னங்க இது? தண்ணி ஊத்தினா எந்தத் தரையும் வழுக்கத்தான் வழுக்கும். நல்லாத்தானே இருக்குது? மொகம் தெரியுதுங்க!"

"மொகம் பாக்கறதுக்குக் கண்ணாடி இருக்குது."

சட்டைப் பையிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்தார். இறங்கியிருந்த நான்கு பெட்டியிலும் பெரிதாகக் குறுக்குக் கோடு போட்டார். கம்பெனியில் தேறாத சரக்குக்கு அப்படித்தான் போடுவார்கள். போட்டுவிட்டால் அந்தப் பெட்டியை யாரும் உள்ளே எடுத்துப் போக முடியாது. ஆனால் இது கம்பெனி இல்லையே, வீடு ஆயிற்றே! இங்கே காத்திருப்பது அடுத்த ஷிப்ட் இல்லை, வயிற்றுப் பிள்ளைக்காரி ஆயிற்றே!

"சார், இன்னைக்கு வேல ஆரம்பிக்கலன்னா நாளைக்கு முடியாது சார்" என்று சாந்த் பாஷாவும் சொல்லிப் பார்த்தார்.

"தெரியும் பாய்."

தெரியும் என்கிறாரே! அந்த ஒரு சொல்தான் பவுலினாவைச் சுட்டது. பதினான்கு மாதம் அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வாய்க்கு வந்துவிட்டது. டிரைவர் நிற்கிறார், மேஸ்திரி நிற்கிறார், எதிர்வீட்டு நஞ்சம்மா கோலப்பொடி டப்பாவோடு வாசலில் நிற்கிறாள். எதையும் அவள் பார்க்கவில்லை.

"தெரிஞ்சேதான் பண்றீங்க. அவ வரக்கூடாது. அதான் உங்களுக்கு வேணும்! வரவேணான்னு வாயத் தெறந்து சொன்னா ஊரு உங்களத் தப்பா பேசும். அதனால டைல்ஸ் மேல பழியப் போட்டுட்டு லோட திருப்பி அனுப்பறீங்க. பெத்த பொண்ணயும் இப்படித்தானே பண்ணீங்க? ஒரு சிவப்புக் கோடு போட்டு ஓரமா வெச்சிட்டீங்க!"

பாக்கியராஜ் அவளைப் பார்த்தார். மார்க்கருக்கு மூடி போட்டார். நான்கு பெட்டியும் வண்டியில் திரும்ப ஏறியதும் தன் டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளப்பி அதன் பின்னாலேயே போய்விட்டார்.

---

"அக்கா, அழுவாதீங்க. நான் ஒரு மணி வரைக்கும் இருக்கறேன்" என்றார் சாந்த் பாஷா. "மட்டம் பாத்து நூலு கட்டி வெக்கறேன். அதுக்குள்ள சரக்கு வந்துட்டா எப்படியாச்சும் நாளைக்கு முடிச்சுக் குடுத்துருவேன். வரலன்னா நான் என்னா பண்ணட்டும்? மண்டபத்துக்காரங்கிட்ட வாக்கு குடுத்துக்கினு வந்துருக்கறேன்."

பவுலினா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத்தானா எஸ்லின் போன் பண்ண வேண்டும்?

"ஸ்தோத்திரங்க. வேல எந்தளவுல இருக்குது?"

"நடந்துட்டே இருக்குதுங்க." வாய் கூசாமல் சொன்னாள். "சனிக்கெழம எல்லாம் முடிஞ்சிரும்."

"முடிஞ்சா சரி. இல்லன்னா இப்பவே சொல்லிருங்க." எஸ்லினின் குரலில் வழக்கமான தெளிவு இல்லை. பின்னால் ஏதோ கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "நான் அப்புறம் பேசறேன்" என்று சட்டென்று வைத்துவிட்டாள்.

பவுலினா ப்ரீதாவுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொல்லியது. இரண்டாவது தடவையும் அதையேதான் சொல்லியது. தூங்குகிறாள் போல என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். அவர் திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும், நான் போய்த் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். காலில் விழுந்தாவது அந்தப் பளபளப்பையே மறுபடி ஏற்றிக்கொண்டு வந்து, அந்த மனுஷன் வீடு திரும்புவதற்குள் ஹாலில் பாதியை ஒட்டிவிட வேண்டும். ஒட்டியதைப் பெயர்த்து விடுவாரா? பார்த்துவிடலாம்.

சர்வீஸ் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து, கர்நாடக வண்டிகளும் தமிழ்நாட்டு வண்டிகளும் முட்டிக்கொண்டு நிற்கிற செக்போஸ்ட்டுக்கு முன்னாலேயே இறங்கினாள். டைல்ஸ் கடைக்காரர் மோகன்குமார் போனில் யாரையோ கன்னடத்தில் விரட்டிக்கொண்டிருந்தார். அதை வைத்துவிட்டு லோடுமேனிடம் தெலுங்கில் இரண்டு வார்த்தை. பிறகு இவளைப் பார்த்து, "வாங்கம்மா, உக்காருங்க. நீங்களும் திட்டணுமா?" என்றார்.

"அவரு பேச்ச விடுங்கண்ணா. அவருக்கு எதுலயும் குத்தம் சொல்லலன்னா தூக்கம் வராது. அதே டைல்ஸ திருப்பி அனுப்பிருங்க. நான் எறக்கிக்கறேன்."

மோகன்குமார் தலையைச் சொறிந்தார். "இல்லம்மா. தப்பு எங்க மேலதான். ரெண்டு பெட்டி மேலயும் ஒரே பேருதான் இருக்கும். குடோன்ல மாத்தி ஏத்திட்டாங்க. எனக்குக் காலையிலேயே தெரியும். மத்தவங்கன்னா பளபளன்னு இருக்கறதப் பாத்து சந்தோசமா எறக்கிக்குவாங்க, அப்டியே போயிரும்னு விட்டுட்டேன். உங்க வூட்டுக்காரரு கிட்ட அது நடக்குமா?"

"வழுக்குதுன்னு சொல்லிட்டாருங்க. வூட்டுக்குள்ள யாரு தண்ணி ஊத்தி நடக்கப்போறா?"

மோகன்குமார் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா? போன சனிக்கெழம இங்க அவரு பண்ணத சொல்லலயா?"

"எத?"

"அந்தா, அந்த வராண்டாவுலதான். நாலு வகை டைல்ஸ வரிசையா போடச் சொன்னாரு. தண்ணி ஊத்தச் சொன்னாரு. செருப்பக் கழட்டுனாரு. அஞ்சு கிலோ சிமெண்ட் பாக்கெட் ரெண்டு குடுன்னாரு. எதுக்குன்னு பாத்தா, அத வயித்துல வெச்சுத் துண்டால கட்டிக்கிட்டாரும்மா! எங்க பசங்கல்லாம் வேலய விட்டுட்டு வந்து நின்னு சிரிக்கறானுங்க. அவரு காதுலயே போட்டுக்கல. ஒரு கைய இடுப்புல வெச்சிக்கிட்டு, இப்படி, மாசமா இருக்கறவங்க நடப்பாங்களே, அப்டியே ஒவ்வொரு டைல்ஸ் மேலயும் நடந்து பாத்தாரு. பளபளப்புல கால வெச்சாரு பாருங்க, தொபுக்கடீர்னு விழுந்தாரு. முழங்கையில ரத்தம்."

சனிக்கிழமை சிராய்ப்போடு வந்து, வண்டி சறுக்கிவிட்டது என்று சொன்னது பவுலினாவுக்கு ஞாபகம் வந்தது. மஞ்சள் வைத்துவிட்டவள் அவள்தான்.

"ஏன் சார் இந்தக் கூத்துன்னு கேட்டேன்" என்று மோகன்குமார் தொடர்ந்தார். இப்போது அவர் சிரிக்கவில்லை. "'ஏழு மாசத்துக்கு மேல அவங்க காலு அவங்க கண்ணுக்கே தெரியாதுப்பா, வயிறு மறைச்சிரும். தரைதான் பாத்துக்கணும்'னாரு. எனக்கு என்னமோ ஆயிருச்சும்மா. ரெண்டு பொண்ணு பெத்தவன் நானு. எனக்கு இது தோணல."

பவுலினா அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் தான் சொன்னது ஒவ்வொன்றாகக் காதில் திரும்பக் கேட்டது. எதிர்வீட்டு நஞ்சம்மா கேட்க, முன்பின் தெரியாத டிரைவர் கேட்கச் சொன்னது. அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபமும் வந்தது. இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? வயிற்றில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் சிரிக்க நடக்கத் தெரிகிறது, கட்டிய பெண்டாட்டியிடம் காரணம் சொல்லத் தெரியவில்லையா?

"இப்ப எங்க அவரு?"

"எங்க வண்டியிலேயே அத்திப்பள்ளி குடோனுக்குப் போயிருக்காரு. பெட்டி பெட்டியா பிரிச்சுப் பாத்து அவரே ஏத்திட்டு வராராம். நம்ப மாட்டேங்கறாரு." மோகன்குமார் சொல்லிவிட்டு மறுபடி போனை எடுத்து, "பேக கள்சப்பா, பேக!" என்று, சீக்கிரம் அனுப்பச் சொல்லிக் குடோனைக் கன்னடத்தில் விரட்டினார்.

---

ஒரு மணி ஆயிற்று. ஒன்றே கால் ஆயிற்று. சாந்த் பாஷா மட்டப்பலகையைத் துடைத்துப் பைக்குள் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பவுலினா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் அவருடைய இரண்டு ஆட்களுக்கும் சோறு போட்டாள். சாப்பிடுகிறவரைக்குமாவது கிளம்ப மாட்டார் அல்லவா?

ஒன்றே முக்காலுக்கு வண்டி வந்தது. பெட்டிகளுக்கு நடுவில் தலை முழுக்கத் தூசியோடு பாக்கியராஜ் உட்கார்ந்திருந்தார். டிவிஎஸ் பக்கத்தில் சாய்த்துக் கட்டப்பட்டிருந்தது.

இறங்கியதும் பவுலினா தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "முழங்கை எப்படி இருக்குது?" என்றாள்.

அவர் குடிப்பதை நிறுத்தினார். "கடைக்குப் போனியா?"

"போனேன்."

மீதித் தண்ணீரையும் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். "பெட்டிய எறக்கணும், நேரமாச்சு" என்றார். மன்னிப்பு அவளும் கேட்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. அதற்கெல்லாம் நேரம் இருந்தால்தானே?

சாந்த் பாஷா ஹாலின் நடுவில் நூல் கட்டிக் கலவை கொட்டினார். முழு டைல்ஸையெல்லாம் முதலில் நடுவில் ஒட்டிவிட்டு, சுவரோரத்தில் வெட்டிப் போட வேண்டியதைக் கடைசியில் பார்த்துக்கொள்வது அவர் வழக்கம். ரப்பர் சுத்தியல் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. பாக்கியராஜ் அவர் பின்னாலேயே மண்டியிட்டு நகர்ந்து ஒவ்வொரு டைலையும் ஒரு ரூபாய்க் காசால் தட்டி, அடியில் கலவை இல்லாமல் பொக்கென்று சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார்.

"சார், இது என் பொழப்பு சார். இருவது வருசமா பண்றேன்" என்றார் சாந்த் பாஷா.

"நான் உன்னத் தட்டல பாய், டைல்ஸத்தான் தட்டறேன்."

பவுலினா சமையலறை வாசலில் நின்று சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். புதுத் தரையில் பளபளப்பே இல்லை. முகம் தெரியவில்லை. கோவிலுக்குப் போகும்போது காலில் படுகிற கல் மாதிரி லேசாகச் சொரசொரத்தது. நாளை சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். சனிக்கிழமை காயும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே கிருஷ்ணகிரி.

ஐந்தரைக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது.

அதிலிருந்து ப்ரீதா இறங்கினாள்.

---

கூட யாரும் இல்லை. கையில் ஒரு பெரிய பை, தோளில் ஒன்று. முகம் வீங்கியிருந்தது. பஸ்ஸில் வந்த களைப்பா, அழுததா என்று தெரியவில்லை. ஆட்டோச் சத்தம் கேட்டு வாசல்படிக்கு வந்திருந்த பவுலினா அவள் வயிற்றையே பார்த்தாள். போனில் கேட்டுக் கேட்டு மனசுக்குள் வளர்த்த வயிறு. கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் நினைத்தாள். ஆனால் உள்ளே, ஓரத்துத் துண்டுகளுக்காக டைல் வெட்டும் கட்டிங் மெஷின் கிறீச்சிட்டது. கொத்திப் போட்ட தரை. கலவை. சின்னம்மா வீட்டு மாடிப்படி. அவள் கைகள் தாமாகவே விரிந்து நிலைப்படியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டன.

"அங்கேயே நில்லு கண்ணு! உள்ள வராத!"

ப்ரீதா படியில் வைத்த காலை எடுத்துவிட்டாள். அம்மாவைப் பார்த்தாள். வழியை மறித்த அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"அப்பா இன்னும் வேணாங்கறாராம்மா?" என்றாள். கேட்கக்கூடத் தெம்பு இல்லாத குரல். "எனக்குப் போறதுக்கு வேற எடம் இல்லம்மா."

"ஐயோ, அது இல்ல கண்ணு! வேல நடக்குது. நீ இந்த நேரத்துல இதுக்குள்ள... நஞ்சம்மாக்கா வூட்ல கொஞ்ச நேரம் உக்காரு, நான்..." பவுலினாவுக்கு வார்த்தை கோர்வையாக வரவில்லை. இத்தனை மாதமும் இவள் வர வேண்டும் என்று ஜெபமாலை உருட்டியவள் அவள். வந்தவளை வாசலில் நிறுத்தி வைத்திருப்பவளும் அவள்தான். ஆனாலும் கையை எடுக்க முடியவில்லை. ஏதாவது ஆகிவிட்டால்?

கட்டிங் மெஷின் நின்றது. சாந்த் பாஷா தலை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, தன் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு பின்பக்கமாக வெளியே போய்விட்டார்.

பாக்கியராஜ் மண்டியிலிருந்து மெல்ல எழுந்தார். முழங்கால் இரண்டிலும் கலவை ஒட்டியிருந்தது. ஹாலின் அந்தப் பக்கம் அவர், வாசலில் மகள். நடுவில் சற்று முன் ஒட்டிய டைல்ஸ். வாசலுக்கு வருவதற்கு அவர் நேராக நடக்க முடியாது. சுவரோரமாக ஒரு அடி அகலத்துக்கு விட்டிருந்த வெறுந்தரையில் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்தார். வந்து, பவுலினாவின் வலது கையைப் பிடித்து நிலையிலிருந்து எடுத்துவிட்டார்.

"அவளுக்கு நின்னு நின்னு காலு வீங்கியிருக்குது, பாக்கல?" என்றார்.

பிறகு மகள் பக்கம் திரும்பினார். பதினான்கு மாதமாகப் பேசாத வாய். என்ன சொல்லித் தொடங்குவது என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது.

"ஓரமா வா. நடுவுல ஈரமா இருக்குது" என்றார்.

கையை நீட்டினார். முழுக்கச் சிமெண்ட் காய்ந்திருந்த கை. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ப்ரீதா அதைப் பிடித்துக்கொண்டாள். அவர் முன்னால், அவள் பின்னால், இருவரும் சுவரைத் தடவிக்கொண்டு ஓரமாகவே நடந்து சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பவுலினா வாசலிலேயே நின்று சத்தமில்லாமல் அழுதாள். பயம் போகவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்காக இவர்களைப் பிரித்து நிறுத்த இனி அவளால் ஆகாது.

சமையலறையில் இருந்த ஒரே நாற்காலியில் ப்ரீதா உட்கார்ந்தாள். கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். அவள் கீழே வைத்த பையை, பின்னாலேயே வந்த பவுலினா தூக்கி ஓரமாக வைக்கப் போனாள். என்ன கனம்! ஆஸ்பத்திரி பைல், துணிமணி, சான்றிதழ்கள் வைக்கிற உறை எல்லாம் அதில் இருந்தன. இரண்டு நாள் முன்கூட்டியே வந்தவள் கொண்டுவருகிற பை இல்லை அது.

"என்ன கண்ணு ஆச்சு? வெஸ்லின் தம்பி ஏன் வரல?"

ப்ரீதா பதில் சொல்வதற்குள் பவுலினாவின் போன் அடித்தது. எஸ்லின்.

"எடுக்காதம்மா!" ப்ரீதா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "எடுத்தா, நான் இங்க வரலன்னு சொல்லிரும்மா. சொல்லாம வந்துட்டேன்."

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. காலையில் ஒரு பொய்யைச் சரளமாகச் சொன்ன பவுலினா இப்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். பாக்கியராஜ் அதை அவள் கையிலிருந்து வாங்கினார். சம்பந்தி வீட்டாரிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசாதவர் அவர்.

"நான் பாக்கியராஜ் பேசறேன்" என்றார். "ஆமா. எம் பொண்ணு எங்கிட்டதான் இருக்கா."

எம் பொண்ணு. எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு! ப்ரீதா முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழமை வரைக்கும் காத்திருக்க எல்லாம் வேணாம். இனிமே இங்கதான் இருப்பா. நீங்க பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்."

அந்தப் பக்கம் எஸ்லின் பேசத் தொடங்கினாள். வார்த்தை கேட்கவில்லை, அழுகைதான் கேட்டது. பாக்கியராஜ் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போயிற்று. "சரிங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டு மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"வெஸ்லினத் தேடி காலையில ரெண்டு பேரு வந்தாங்களாமே" என்றார். "அவன் வூட்ல இல்லயாம், எங்க இருக்கான்னு உனக்கு மட்டும்தான் தெரியுமாம். நெஜமா பாப்பா?"

ப்ரீதா அப்பாவைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.